சாமி மேடையில் மூன்று வாரம்

எங்கள் குடும்பத்தில் யாராவது கணினி வாங்கப் போகிறார்கள் என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்போயில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அம்மா கூடுதலாக ஒரு டம்ளர் அரிசி போடுவார். வந்தவர்கள் சாப்பிட்டு, ஊர்க்கதை பேசி முடித்து, கிளம்புகிற நேரத்தில்தான் பையிலிருந்து நான்காக மடித்த கடை விளம்பரத்தாளை எடுத்து என் முன்னால் வைப்பார்கள். நான் அப்போது பதினாறு வயதில், படிவம் நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக் கணினிக் கழகத்தின் செயலாளர் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

பழைய பயிற்சிப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து, கேள்விகளை எண் போட்டு எழுதுவேன். யார் பயன்படுத்தப் போவது? எங்கே வைப்பது? எத்தனை வருடம் ஓடவேண்டும்? அச்சுப்பொறி வேண்டுமா? விளையாட்டுகள் உண்டா என்ற கேள்வியை மட்டும் பெற்றோர் அருகில் இல்லாதபோது பிள்ளைகளிடம் தனியாகக் கேட்பேன். பதில்கள் ஒத்துவராது. அதையும் குறித்துக்கொள்வேன்.

அடுத்த வாரம் எல்லோரும் சேர்ந்து ஜொகூர் பாருவில் கணினிக் கடைகள் அடுக்கடுக்காக இருந்த கட்டடத்துக்குப் போவோம். என் தாளைக் கடைக்காரர் வாங்கிப் பார்த்து, இரண்டு வரிகளை அடித்து மாற்றி எழுதுவார். நான் ஒன்றைத் திரும்ப மாற்றுவேன். பாகங்களைப் பொருத்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் கீழே போய் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு வரலாம். திரும்பும்போது திரைப்பெட்டி யாராவது ஒருவர் மடியில்தான் வரும். வீட்டில் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அதற்கு இடம். படுக்கையறையில் வைத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பது எங்கள் தாமான் குடியிருப்பு முழுவதும் எழுதாமலே நடந்த சட்டம். ஒரு வீட்டுக்கு ஒரு கணினி. அதற்குத் தைத்த உறை. உறையின் மேல் சந்தனப் பொட்டு.

எப்போது மாறியது என்று என்னால் ஒரு தேதியைச் சொல்ல முடியாது. வரிசையைச் சொல்லலாம். முதலில் திரைப்பெட்டி போய் மடிக்கணினி வந்தது. அதோடு வரவேற்பறைச் சட்டமும் போனது. பிறகு விளம்பரத்தாள் போய், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு விற்பனைப் பக்கத்தின் சுட்டி வந்தது. கீழே ஒரே ஒரு வரி இருக்கும்: இது ஓகேவா? நான் பேருந்தில் நின்றுகொண்டே விவரங்களைப் படித்து, நினைவகம் போதாது, இந்தத் திரை கண்ணுக்கு நல்லதல்ல என்றெல்லாம் நீளமாக எழுதுவேன். பெருவிரல் படம் ஒன்று பதிலாக வரும். வேறொன்றை வாங்கிவிடுவார்கள்.

அதற்கும் பிறகு கேள்வியே இடம் மாறிவிட்டது. சுட்டிக்குப் பதில் பொருளின் படம் வந்தது. இது ஓகேவா? எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டால், நேற்றே வந்துவிட்டது என்பார்கள். அவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கவில்லை. செய்த காரியத்துக்கு ஒரு நல்ல வார்த்தையைத்தான் கேட்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆனது. புரிந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஓகே என்று எழுதினேன். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்தது. ஒரு பொருளைப் பற்றி ஏழு பேர் இரண்டு வாரம் பேசினால்தான் நல்லது அமையும் என்று நான் நம்பியிருந்தேன். யாரும் பேசாமல் வாங்கிய பொருள்களும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பிறகு அந்தப் படங்களும் குறைந்தன. கைப்பேசியே எல்லாவற்றுக்கும் போதும் என்று ஆகிவிட்டது. மின்கட்டணம், வரித் தாக்கல், பிள்ளைகளின் வீட்டுப்பாடம், கோயில் திருவிழாக் கணக்கு எல்லாம் கைப்பேசியில். நான் இப்போது சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். நாள்தோறும் பேருந்தில் ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்தைக் கடக்கும் கூட்டத்தில் ஒருத்தி. ஊழியர்களுக்கு மடிக்கணினி கொடுப்பதும், சில ஆண்டுகள் கழித்து அதைத் திரும்ப வாங்கி உள்ளிருப்பதையெல்லாம் துடைத்து, பழைய கணினி வாங்கும் வியாபாரியிடம் ஒப்படைப்பதும் என் வேலை. ஒப்படைப்பதற்குப் பன்னிரண்டு படிகள் கொண்ட பட்டியல் உண்டு. அதை எழுதியவளும் நான்தான்.

என் பையில் தினமும் ஒரு மடிக்கணினி இருக்கிறது. அது அலுவலகத்துடையது. எனக்கென்று சொந்தமாக ஒன்று கிடையாது. படிக்கும்போது வைத்திருந்ததன் கீல் உடைந்த பிறகு நான் வேறு வாங்கவில்லை. வாங்கவேண்டிய தேவை வரவில்லை. குடும்பத்துக்கே கணினி வாங்கிக் கொடுத்தவளிடம் கணினி இல்லை என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

அத்தை கேட்கும்வரை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. ரெங்கம் என்ற சிற்றூரில் ஒரு பாலர் பள்ளியில் இருபத்தைந்து வருடங்களாக ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவரிடம் அகரம் படித்த பிள்ளைகள் இப்போது தங்கள் பிள்ளைகளை அவரிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் பள்ளி நிர்வாகம் அவரைக் கூப்பிட்டு, டிப்ளோமா இல்லாதவர்கள் இனி வகுப்பு எடுக்க முடியாது, கெடு இருக்கிறது, அதற்குள் முடிக்காவிட்டால் சமையலறைக்கும் பிள்ளைகளின் பை செருப்புக்கும் உதவியாளராக இருக்கலாம் என்று மரியாதையாகவே சொன்னது. அத்தை வார இறுதி இணைய வகுப்பில் சேர்ந்தார். இரண்டு வருடமும் கைப்பேசித் திரையில் படித்தார். கட்டுரைகளைக் கட்டைவிரலால் தட்டி அனுப்பினார். கண் வலிக்கு ஒரு கண்ணாடி, கழுத்து வலிக்கு ஒரு தைலம்.

கடைசித் தேர்வுக்கு மட்டும் கைப்பேசி உதவாது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் ஒளிப்படக்கருவி உள்ள கணினி வேண்டும். கண்காணிக்கிற மென்பொருள் அதில்தான் ஓடும். இந்த முறை எழுதாவிட்டால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்து. அதற்குள் கெடு முடிந்து, வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விடும்.

அதனால் அத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் தனியாக ஒரு கணினி வாங்கினார். இணையத்தில் மலிவு விற்பனை நடந்த ஒரு நாளில், மதிய உணவு இடைவேளையில், பள்ளிக் கழிவறைக்கு வெளியே நின்றபடி. என்னைக் கேட்கவில்லை. ஏன் என்று பிற்பாடு நான் கேட்டபோது மறைக்காமல் சொன்னார்.

“ஒன்னக் கேட்டா நீ எனக்கு ஒரு கேள்வித்தாள் குடுப்ப. எனக்கு ஏற்கெனவே ஒரு பரிச்ச இருக்குமா.”

அவர் வாங்கியது பழைய மடிக்கணினியைப் பழுதுபார்த்து விற்கும் ஒரு கடையின் பொருள். ‘சிங்கப்பூர் கம்பெனியில் பயன்படுத்தியது’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் இதைவிடச் சிறந்த சான்று கிடையாது. பாலத்துக்கு அந்தப் பக்கம் நான்கு வருடம் குளிர்சாதன அறையில் இருந்த பொருள் எப்படிக் கெட்டுப்போகும்?

நான்கு நாளில் பொட்டலம் வந்தது. மாமா கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். மதியம் ஓய்வாக இருப்பார். அத்தை கத்தரிக்கோலைப் பிடுங்கி வைத்துவிட்டார். படிப்புக்கென்று வாங்கியதைக் கண்ட நாளில் திறப்பதா? மூன்று வாரத்தில் சரஸ்வதி பூஜை வருகிறது. பூஜையில் வைத்து எடுத்து அன்று தொடலாம். தேர்வு அதற்கு அடுத்த வாரம்தான். நாள் இருக்கிறது. பொட்டலத்தை அப்படியே சாமி மேடையின் கீழ்த்தட்டில், எண்ணெய்ப் புட்டிக்கும் ஊதுபத்திக் கட்டுக்கும் நடுவில் வைத்து, மேலே ஒரு மஞ்சள் துணியைப் போட்டார்.

எங்கள் வீடுகளில் இதில் விநோதம் ஒன்றும் இல்லை. வரவேற்பறைக் கணினிக் காலத்தில் நானே நல்ல நேரம் பார்த்து மின்பொத்தானை அழுத்தியிருக்கிறேன். வித்தியாசம் என்னவென்றால், அப்போது அந்தக் கணினி கடையில் எங்கள் கண் முன்னால் ஓடிக் காட்டிய பிறகுதான் வீட்டுக்கு வரும்.

மேடையில் பொட்டலம் இருந்த வாரங்களில் விற்பனைத்தளம் அத்தையிடம் பொருள் கிடைத்ததா என்று கேட்டது. கிடைத்தது என்று அழுத்தினார். எப்படி இருக்கிறது என்று கேட்டது. பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்து, பெட்டியை நன்றாகச் சுற்றி அனுப்பியிருக்கிறார்கள், வாழ்க என்று எழுதினார். பிடிக்காவிட்டால் பதினைந்து நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்ற வரி அதே பக்கத்தின் அடியில் இருந்தது. பதினைந்தாம் நாள் மேடையில் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

பூஜையன்று மஞ்சள் துணியை எடுத்து, பொட்டலத்தைப் பிரித்து, மூடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, அத்தை பொத்தானை அழுத்தினார். ஒழுங்காக எழுந்தது. இணையம் இல்லாமலே மதியம் முழுவதும் தட்டச்சு செய்து பழகினார். ‘மழை’ என்ற தலைப்பில் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம் எழுதினார். கட்டைவிரலால் அல்ல, பத்து விரலால். மாலையில் மாமாவின் கைப்பேசியிலிருந்து இணையத்தை இணைத்தார். அரை மணி நேரத்தில் திரை சாம்பல் நிறமாகி, நான்கு வரி ஆங்கிலம் வந்து நின்றது. என்ன செய்தாலும் போகவில்லை.

எனக்கு அந்தத் திரையின் படம் வந்தது. கீழே ஒரே வரி: இது ஓகேவாமா?

நான் அப்போது வீட்டில் கொண்டைக்கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். இந்தக் கணினி இன்ன நிறுவனத்தின் உடைமை, பூட்டப்பட்டுள்ளது, தொடர்புகொள்ளவும் என்று சிங்கப்பூர் எண் ஒன்று இருந்தது. நிறுவனத்தின் பெயர் எனக்குத் தெரியாதது. பூட்டை எனக்கு நன்றாகத் தெரியும். பெரிய நிறுவனங்கள் தங்கள் மடிக்கணினிகளுக்குள் போட்டு வைக்கும் காவல் அது. தரவு வட்டில் இல்லை, கணினியின் தாய்ப்பலகையிலேயே உட்கார்ந்திருக்கும். துடைத்தாலும் வட்டையே மாற்றினாலும் போகாது. இணையம் இல்லாதவரை தூங்கும். இணையம் கிடைத்ததும் தன் முதலாளியைக் கூப்பிடும். கடைக்காரர்கள் இணையம் இல்லாமல்தான் சோதிப்பார்கள், வேகமாக முடியும் என்பதால். அவர்களுக்கே தெரிந்திருக்காது.

வெளியே அனுப்புவதற்கு முன்னால் நிறுவனமே அந்தக் காவலை விடுவிக்கவேண்டும். என் பட்டியலில் அது ஒன்பதாவது படி. மற்ற பதினொன்றும் கையில் கணினியை வைத்துக்கொண்டு செய்பவை. ஒன்பது மட்டும் வேறொரு திரையில் போய் எண்ணைத் தேடி அழுத்துவது. வேலை குவிந்த வெள்ளிக்கிழமைகளில், ஒன்பதை மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் விட்டதுண்டு. ஆகவே, இது எப்படி நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை.

அத்தையைக் கூப்பிட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். இது திருட்டுச் சாமானா இல்லையா? அத மொதல்ல சொல்லு.”

“தெரியல அத்தை. இருக்காதுன்னு நெனைக்கிறேன்.”

“நெனைக்கிறியா? மூணு வாரமா அத சாமிகிட்ட வெச்சிருந்தேன்மா.”

பின்னால் மாமாவின் குரல் கேட்டது. “சாமி பாத்துக்குவாங்கன்னு வெச்சா, சாமிக்கே பாஸ்வேர்டு தெரியல போல.”

அத்தை சிரிக்கவில்லை. நானும்.

அன்று புதன்கிழமை. தேர்வு அடுத்த வார சனிக்கிழமை. பூட்டைத் திறப்பதை நம்பி உட்காராமல் வேறொரு கணினியைத் தேடுவதுதான் முறை என்று ஒரு தாளில் வழிகளை எழுதினேன். குடும்பக் குழுவில் கேட்டேன். ஏழு வீடுகள். பதில்கள் அன்பாகவும் விரைவாகவும் வந்தன. எங்கள் பழைய கணினி இரும்புக்காரரிடம் போய்விட்டது. பெக்கோக்கில் இருக்கும் பெரியப்பா வீட்டு மடிக்கணினியில் திரை உடைந்து, அதை மூன்று வருடமாகத் துணி அலமாரியின் மேல் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் இருப்பது பலகைக் கணினி. தேர்வு மென்பொருள் அதில் ஏறாது. இன்னொரு வீட்டில் இருப்பது மகனின் விளையாட்டுக் கணினி. ஒளிப்படக்கருவி கிடையாது, மகன் கோலாலம்பூரில், கடவுச்சொல் அவனோடு. மற்ற வீடுகளில் கைப்பேசிகள். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. நான் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காலத்தில் ஒரு கணினியைத் தேர்ந்து கொடுத்திருக்கிறேன். இப்போது எல்லா வீடுகளையும் சேர்த்தும் ஒரு பெண்மணிக்கு இரண்டு மணி நேரம் கொடுக்க ஒன்று இல்லை.

ரெங்கத்தில் இணைய மையம் இருந்த கடையில் இப்போது கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். அத்தையின் பள்ளியில் கேட்கலாமே என்றேன். வேண்டாம் என்றார். கெடு வைத்தவர்களிடமே போய்க் கெஞ்ச அவருக்கு மனமில்லை. என் அலுவலகக் கணினியில் வெளி மென்பொருளை ஏற்ற முடியாது. அந்தத் தடையைப் போட்டதே என் பிரிவுதான். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன்.

“நீ மொதல்ல ஒனக்கு வாங்கு,” என்றார். “ஓன் கம்ப்யூட்டரக் கொண்டா, எழுதிட்டுத் தரேன்னு கேக்கலாம்னு இருந்தேன். ஓங்கிட்டயும் இல்லையா? அலமாக்.”

தம்போயில் எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் பலகையில் உள்ள சில்லை மாற்றிப் பூட்டை உடைத்துக் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் வேலை. அதையும் சொன்னேன். வழிகளை எழுதும்போது பிடிக்காததையும் எழுதுவது என் வழக்கம்.

“யார் வீட்டுச் சாமான்னு தெரியாம அத ஒடைக்கச் சொல்றியா? அப்படித் தொறந்து பரிச்ச எழுதி நா புள்ளைங்களுக்கு என்னாத்த சொல்லிக் குடுக்கறது?”

ஆகவே எஞ்சியது ஒரு வழி. அந்த நிறுவனத்திடமே கேட்பது.

விற்பனையாளருக்கு எழுதியதற்குப் பதில் வரவில்லை. நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு வியாழக்கிழமை காலை, பேருந்துக்குக் காத்திருந்தபடி எழுதினேன். எனக்கு வரும் மின்னஞ்சல்களில் எதை உடனே கவனிப்பேன், எதைத் தள்ளிவைப்பேன் என்று யோசித்து எழுதினேன். கதை வேண்டாம். கணினியின் வரிசை எண், திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த உடைமை எண், திரையின் படம், வாங்கியதற்கான பக்கத்தின் படம், வேண்டிய ஒரே உதவி. கடைசியில் மட்டும் ஒரு வரி சேர்த்தேன்: இதை வாங்கியவர் ஒரு பாலர் பள்ளி ஆசிரியர், அடுத்த சனிக்கிழமை இதில் தேர்வு எழுதவேண்டும். மூன்று வேலை நாளில் பதில் வரும் என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது. எங்கள் அலுவலகத்திலும் அதே வாசகம்தான். மூன்று நாள் என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை திரையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு பெண் எடுத்தார். குரலை வைத்து என் வயது இருக்கும் என்று நினைத்தேன். ஆங்கிலத்தில் பேசினோம். எண்ணைச் சொன்னேன். விசைகளின் சத்தம் கேட்டது. பிறகு நீண்ட அமைதி. எனக்கு அந்த அமைதி பழக்கமானது. இந்தக் கணினி பல மாதங்களுக்கு முன்னாலேயே கழிக்கப்பட்டதாகப் பதிவில் இருக்கிறது, ஆனால் காவல் விடுவிக்கப்படவில்லை. அதை இப்போது விடுவித்தால், அன்று விடுவிக்காமல் அனுப்பியது தெரிந்துவிடும். இதில் எதையும் அவர் சொல்லவில்லை. விற்றவரிடமே கேளுங்கள் என்றார்.

நான் கோபப்படவில்லை. நானும் இதே வேலைதான் செய்கிறேன், எங்கள் பட்டியலில் இது ஒன்பதாவது படி, நானும் அதைத் தள்ளிவைத்திருக்கிறேன், என்னுடையவை யார் வீட்டில் பூட்டிக் கிடக்கின்றன என்று எனக்கே தெரியாது என்று சொன்னேன். அந்தப் பக்கம் மெல்லிய சிரிப்பு. எங்களுக்கு ஏழாவது, என்றார். பிறகு, திருடப்பட்ட பட்டியலில் இது இல்லை என்பதை மட்டும் என்னால் இப்போதே சொல்லமுடியும், மற்றதற்கு மேலாளரின் ஒப்புதல் வேண்டும் என்றார்.

அதை உடனே அத்தைக்கு அனுப்பினேன். திருட்டு இல்லை. அவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். வேறெதுவும் கேட்கவில்லை. மாலையில் மாமா கூப்பிட்டு, உன் அத்தை பூட்டிய கணினியை அணைக்காமல், மின்கம்பியோடு திரும்ப மேடையில் வைத்துவிட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் படிக்கிறாள் என்றார்.

புதன்கிழமை அந்தப் பெண் திரையின் ஓரத்தில் உள்ள ஒட்டுத்தாளின் தெளிவான படம் கேட்டார். அனுப்பினோம். வியாழன் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் வரை ஒன்றும் இல்லை. அத்தை தன் விரிவுரையாளருக்கு, கணினி கிடைக்காததால் தேர்வுக்கு வர இயலாது என்று ஒரு செய்தியைத் தட்டி வைத்து, அனுப்பாமல் எனக்குக் காட்டினார். இலக்கணம் சரியா என்று பார்க்கச் சொன்னார். மலாயில் எழுதியிருந்தார். நன்றாகவே இருந்தது. ஐந்து மணிவரை பொறுங்கள் என்றேன்.

நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பதில் வந்தது. ஒரே வரி. விடுவிக்கப்பட்டது, இணையத்தில் இணைத்துக் காத்திருக்கவும்.

வெள்ளிக்கிழமை மாலையில் பாலத்தைக் கடப்பது என்பது வேலைக்குப் பிறகு இன்னொரு வேலை. குடிநுழைவு வரிசையில் நின்றுகொண்டு, காதில் செருகிய கேட்பொறியில் அத்தையோடு பேசினேன். இணையத்தை இணைக்க அவருக்குக் கை வரவில்லை. போன முறை இணைத்ததால்தானே போனது என்றார். இந்த முறை இணைத்தால்தான் வரும் என்றேன். இணைத்தார். சாம்பல் திரை அப்படியே இருந்தது. பத்து நிமிடம். இருபது நிமிடம். என் வரிசை நகர்ந்தது, அது நகரவில்லை. மாமா விசிறியைத் திரையை நோக்கித் திருப்பி வைத்தார், அதற்குச் சூடாக இருக்கும் என்று. நான் கடப்பிதழை நீட்டிய நேரத்தில் அத்தை பேச்சை நிறுத்தினார்.

“என்னா ஆச்சு அத்தை?”

“மழ வந்துருச்சு.”

அவர் பூஜையன்று எழுதி, சேமிக்காமலே விட்ட பாடத்திட்டம். ‘மழை’ என்ற தலைப்போடு அப்படியே திரையில் நின்றதாம்.

தேர்வு மென்பொருளை அவரே ஏற்றினார். வழிமுறைகளை முன்கூட்டியே ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எண் போட்டு எழுதி வைத்திருந்தார், என்னிடம் கேட்கவில்லை. ஒத்திகைச் சோதனையில் மட்டும் நின்றுவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

“பாப்பா, ரூம்ல நா மட்டுந்தான் இருக்கேன். ரெண்டு பேர் இருக்காங்கன்னு சொல்லுது. வெளிய போகச் சொல்லுது.”

“மாமா?”

“வெளிய வேன் கழுவறாரு.”

அவர் மேசையை எங்கே போட்டிருக்கிறார் என்று கேட்டேன். சாமி மேடைக்கு முன்னால். மேடையில் சரஸ்வதி படம், அத்தையின் தோளுக்கு மேல், நல்ல வெளிச்சத்தில். மென்பொருள் ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறது. அதற்கு அது யாரென்று தெரியாது. விளக்கிச் சொல்லி, படத்தை எடுத்துவிடுங்கள் அல்லது சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கள் என்றேன்.

“அவங்கள எப்படி வெளிய போகச் சொல்றது? அவங்க இருக்கட்டும்னுதானே இங்க ஒக்காந்தேன்.”

யோசித்தேன். பிறகு மேசையை எதிர்ப்பக்கம் போடச் சொன்னேன். அப்போது ஒளிப்படக்கருவிக்குத் தெரிவது வெறும் சுவர். சரஸ்வதி திரைக்குப் பின்னால் இருப்பார். அத்தை நிமிர்ந்தால் நேருக்கு நேர் பார்க்கலாம். மேசை இழுபடும் சத்தம் கேட்டது. சோதனை பச்சை நிறமானது.

சனிக்கிழமை காலை நான் ரெங்கத்துக்குப் போனேன். அவசியம் இல்லை, ஆனாலும் போனேன். அறைக்கதவு மூடியிருந்தது. மாமாவும் நானும் வெளியே வேனின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அவர் தன் கைப்பேசியின் இணையத்தை அத்தைக்குக் கொடுத்துவிட்டதால் செய்ய ஒன்றும் இல்லாமல் தவித்தார். பக்கத்து வீட்டுக்காரர் புல்வெட்டும் இயந்திரத்தை எடுத்தபோது ஓடிப்போய் நிறுத்தச் சொன்னார். பரீட்சை யாருக்கு என்று அவர் கேட்டிருக்கிறார். வீட்டுக்காரிக்கு என்று சொல்ல மாமாவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்ததைக் கண்டேன்.

கதவு திறந்தபோது அத்தையின் புடவை முதுகில் நனைந்திருந்தது. இரண்டு மணி நேரம் விசிறி போடவில்லையாம். சத்தத்தை மென்பொருள் தவறாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று. எப்படி எழுதினீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்: கடைசிக் கேள்வி ஒரு பாடத்திட்டம் எழுதச் சொன்னது. தலைப்பை நாமே தேர்ந்துகொள்ளலாம்.

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி எழுதினேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் கழிக்கவேண்டிய கணினிகள் ஒரு வண்டி நிறையக் காத்திருந்தன. பட்டியலைத் திறந்து ஒன்பதாவது படியை முதலாவதாக மாற்றினேன். பழைய மாதங்களின் பதிவுகளையும் எடுத்துப் பார்த்தேன். விடுபட்டவை நான்கு இருந்தன. அவை எந்த ஊரில், எந்த மேடையில் இருக்கின்றன என்று தெரியாது. ஒவ்வொன்றாக விடுவித்தேன்.

ஏழு வாரம் கழித்து, பேருந்தில் இருந்தபோது அத்தையிடமிருந்து ஒரு படம் வந்தது. தேர்வு முடிவின் பக்கம், மடிக்கணினித் திரையில். ஓரத்தில் அந்த நிறுவனத்தின் உடைமை எண் ஒட்டுத்தாள் இன்னும் இருந்தது. அதை எடுக்க அவர் மறுத்துவிட்டார், எடுத்தால் சிங்கப்பூர்ப் பொருள் என்று யார் நம்புவார்கள் என்று. தேர்ச்சி என்ற மலாய்ச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார், பிள்ளைகளின் புத்தகத்தில் போடுவதைப்போல.

கீழே ஒரு வரி. இது ஓகேவா?

பல வருடங்களுக்குப் பிறகு, மறுபடியும் நீளமாகப் பதில் எழுதினேன்.